முட்டத்தில் பத்து நாள் சும்மா

ரப்பர் மரத்துக்கு வருடத்தில் இரண்டு மாதம் லீவு உண்டு. தை மாதக் கடைசியில் இலை பழுத்து உதிரத் தொடங்கினால் பால்வெட்டுக்காரன் கத்தியைத் துடைத்து, எண்ணெய் பூசி, எடுத்து வைத்துவிடுவான். மாசி முழுக்க மரம் மொட்டையாக நிற்கும். பிறகு தளிர் விட்டு, தளிர் முற்றிப் பச்சை பிடித்த பிறகுதான் மறுபடியும் பட்டையில் கத்தி வைக்கலாம். அதற்கு முன் ஆசைப்பட்டு வெட்டினால் மரம் கெட்டுப்போகும். அருமனைப் பக்கத்தில் இது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும்.

ஜான்ரோஸுக்குத் தெரியாமல் இருக்குமா? மலைச்சரிவில் நிற்கும் இருநூற்று நாற்பது மரமும் அவர் தன் கையால் குழி வெட்டி நட்டவை. இருபத்தொரு வருடமாகப் பால் வெட்டுகிறார். ஒரு வருடமாவது மரத்தின் லீவில் அவர் ஒரு நாளைக் குறைத்ததில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் என்ன செய்வார் என்று கேட்டுவிடக் கூடாது. வாழைக்குக் குழி வெட்டுவார். மழையில் சரிந்த கையாலைச் சுவரைக் கல் அடுக்கிக் கட்டுவார். கிணற்றில் இறங்கித் தூர் வாருவார். ஒன்றும் கிடைக்காவிட்டால் சபைக்கூடத்து ஓடுகளை மாற்றுகிறேன் என்று கூரைமேல் ஏறி நிற்பார். சும்மா இருந்தால் கை கால் உளையுமாம். ஐம்பத்தாறு வயதில் அதில் ஒரு பெருமை வேறு.

இந்த வருடம் மாசி முதல் ஞாயிறு ஆராதனையில், பாட்டுக்கு எழுந்து நின்றவர் அப்படியே முன் பெஞ்சின்மேல் சாய்ந்துவிட்டார். நாலு பேர் தூக்கி வெளியே காற்றில் உட்காரவைத்தார்கள். மறுநாள் அவர் மனைவி தேவகனி அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் மார்த்தாண்டத்தில் டாக்டர் அஜிஷாவிடம் போனாள்.

டாக்டருக்கு அவர்கள் மகள் வயதுதான் இருக்கும். பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து.

"எத்தன நாளா தல சுத்துது?"

"சுத்தல்லாம் இல்ல டாக்டரே. காலைல ஒண்ணும் திங்காமப் போனேன், அதாக்கும்."

"கிறிஸ்மஸுக்கு முன்னயே உண்டு," என்றாள் தேவகனி. "எனக்கிட்ட சொல்ல மாட்டாரு. மரத்தப் பிடிச்சிட்டு நிப்பாரு. நான் பாத்திருக்கேன்."

டாக்டர் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பத்து நாள் ஒரு வேலையும் பார்க்கக் கூடாது என்றார். காலையும் மாலையும் நடக்க வேண்டும், வேண்டுமட்டும் உறங்க வேண்டும், அவ்வளவுதான்.

"செரி. வீட்டுலயே இருந்துக்கிடுதேன்."

டாக்டர் தேவகனியைப் பார்த்தார். "இருப்பாரா?"

"பத்து நிமிசம் இருக்க மாட்டாரு."

"அப்ப எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. பத்து நாள் கழிச்சு வந்து காட்டுங்க. அப்பவும் கொறையலன்னா இந்த வருசம் பால்வெட்டு கெடையாது. விடியுமுன்ன சரிவுல ஏறும்ப தல சுத்தி விழுந்தா என்ன ஆவும்? கையில கத்தி வேற. மரத்த வேற ஆள்கிட்ட குடுத்திருங்க."

பிரஷர் எண்ணுக்கு அசையாதவர் இந்தக் கடைசி வார்த்தைக்கு அசைந்துபோனார். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் போதும், பட்டைக்குள் காயம் பட்டு அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும். பிறகு எத்தனை வருடம் போனாலும் அங்கே கத்தி ஓடாது. அவருடைய மரங்களில் ஒரு முண்டு கிடையாது. மேற்கு வரிசையில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அந்த மரங்களில் இன்னொருவன் கத்தியா?

அன்று சாயங்காலம் தேவகனி அவருடைய பால்வெட்டுக் கத்தியைப் பழைய பனியனில் சுற்றி, தன் கைப்பையின் அடியில் வைத்தாள்.

"பிரஷர் கொறஞ்சா நானே எடுத்துக் கையில தருவேன். இல்லேன்னா இத மறந்திருங்க."

பஹ்ரைனில் நர்ஸாக இருக்கும் மகள் ஸ்மைலின், போனிலேயே இடம் பார்த்துவிட்டாள். அவளோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா ததேயுஸுக்கு முட்டத்தில் கடலைப் பார்த்த வீடு. மாடியில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். எங்கெங்கேயோ இருந்து ஜனங்கள் இந்தக் கடலைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள். ஜான்ரோஸ் கடைசியாக முட்டத்துக்குப் போனது கல்யாணம் ஆன புதிதில். அதுவும் போன வேகத்தில் திரும்பிவிட்டார், மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை சாமான்களோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ஒரு பாய், இரண்டு தலையணை, பிளாஸ்க், அடுக்குப் பாத்திரம், சின்ன கேஸ் அடுப்பு, அரிசி, நாலு தேங்காய். கடைச் சாப்பாட்டில் உப்பு அள்ளிப் போடுவார்கள் என்று தேவகனிக்குப் பயம். அடுத்த வீட்டுத் தாணம்மாள் பால் வாங்கிக்கொண்டு எதிரே வந்தாள்.

"எங்க மைனி, பாயும் தலையணையுமா?"

"முட்டத்துக்கு. பத்து நாளு ரெஸ்டு எடுக்கப் போறோம்."

தாணம்மாள் பிளாஸ்கைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். கடைசியாக ஜான்ரோஸின் முகத்தைப் பார்த்தாள். நம் பக்கத்தில் மனிதர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே தங்கப் போவதற்கு மூன்றே காரணம்தான் உண்டு. கல்யாணம் என்றால் பட்டுச்சேலை தெரியும். கன்வென்ஷன் என்றால் கையில் வேதப்புத்தகம் இருக்கும். பாயும் பிளாஸ்கும் அடுக்குப் பாத்திரமும் என்றால் அது ஆஸ்பத்திரி. இதில் சந்தேகப்பட இடமே இல்லை.

"எனக்கிட்டயும் ஒளிக்கிறியளே மைனி," என்று கண்ணைத் துடைத்தாள் தாணம்மாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

முட்டத்தில் முதல் நாள் ஜான்ரோஸ் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பத்து மணிக்குள் மாடியிலிருந்து தெரியும் தென்னைகளை எண்ணி முடித்துவிட்டார். பதினொரு மணிக்கு வீட்டுச் சுற்றுச்சுவரில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, சிமெண்டு கிடைக்குமா என்று கீழே இறங்கினார். முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ததேயுஸ் எழுந்து வந்து மறித்தார்.

"அண்ணே, ஒங்க மக போன் போட்டுச் சொல்லியிருக்கா. ஒங்க கையில ஒரு சாமானும் குடுக்கப்பிடாதாம்."

"கல்லு கில்லு இருந்தாலாவது..."

"ஒண்ணும் கெடையாது. கடலப் பாருங்க."

கடலை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அலை வந்தது, போனது. இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குக் கடுப்பாக இருந்தது. கை தானாகவே இடுப்பில் கத்தியைத் தேடியது.

இரண்டாம் நாளும் விடியுமுன் மூன்று மணிக்குக் கண் விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடந்தார். மூன்றாம் நாள் கண் விழித்தபோது வெயில் காலில் அடித்தது. பதறி எழுந்து மணி பார்த்தால் ஏழு. இந்த இருபத்தொரு வருடத்தில் அவர் உடம்பு ஏழு மணியைப் படுக்கையிலிருந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சுகமாகவும் இருந்தது என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு உடம்பு அவரைக் கேட்காமலேயே லீவு எடுத்துக்கொண்டது. காலையில் மணலில் நடந்து லைட்ஹவுஸ் வரை போய் வந்தார். முதலில் மேட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆறாம் நாள் நிற்காமல் ஏறினார். திரும்பும்போது பாறை மறைவில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து அலையை முதுகில் வாங்கினார். பின்கழுத்தில் வருடக்கணக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று விட்டுப்போனது. விரல் இடுக்கில் இருந்த வெடிப்புகள் மூடின. குளித்து வந்தால் தேவகனி பால் விடாத கட்டன்சாயா வைத்திருப்பாள். துவைத்த சட்டை காய்ந்து மடிப்பாக இருக்கும். உப்புக் குறைத்த கஞ்சியும் பயறும் சூடாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் மறுபடியும் உறக்கம் வந்தது. மனுஷனுக்கு இப்படியும் காலை விடியுமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர்ச் சபையில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. தாணம்மாள் சொன்னது ஒன்று. அது தெரு தாண்டும்போது இன்னொன்றாகி, சபைக்கு வந்து சேரும்போது மூக்கில் குழாயெல்லாம் செருகியிருந்தது. போதகர், "மிகவும் கடினமான நிலையில் இருக்கும் நம் சகோதரர் ஜான்ரோஸுக்காக" என்று சொல்லி, சபையை முழங்காலில் நிற்கவைத்து ஜெபித்தார். இரண்டு பேர் அழுதார்களாம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வேன் முட்டம் முழுக்க விசாரித்துக்கொண்டு வந்து ததேயுஸ் வீட்டு முன்னால் நின்றது. பதினாலு பேர் இறங்கினார்கள். ஆளுக்கொரு பை. பையில் ஆரஞ்சு, ரொட்டி, ஹார்லிக்ஸ். தாணம்மாள் சாமித்தோப்புக் கோயிலில் வாங்கிய நாம மண்ணைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் துக்க முகத்தோடு மாடியைப் பார்த்து நின்றார்கள். அப்போது கடற்கரைப் பக்கமிருந்து, தலையில் ஈரம் சொட்ட, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வறுத்த கடலை கொறித்தபடி ஜான்ரோஸ் வந்தார்.

பதினாலு பேரும் கையில் இருந்த பையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள்.

"ஏலே ஜான்ரோஸு," என்றார் மூத்தவர் ஒருவர். "நீ நல்லாத்தான் இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். ரெஸ்டுக்கு வந்தோம்."

"ரெஸ்டா? அசுகம் ஒண்ணுமில்லாம சும்மா வந்தா கெடக்க?"

அவருக்கு அசுகம் இல்லை என்பதில் அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்த்தால், இருந்திருக்கலாமே என்று ஜான்ரோஸுக்கே தோன்றிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று ஜெபம் பண்ணினார்கள். தாணம்மாள் அவர் நெற்றியில் நாமம் இட்டாள். தேவகனி ததேயுஸ் வீட்டிலிருந்து பெரிய பாத்திரம் வாங்கிச் சாயா போட்டு, மரச்சீனிக் கிழங்கு அவித்து, பதினாலு பேருக்கும் வைத்தாள். சாப்பிட்டு முடித்தவர்கள் கடலைக் கொஞ்சம் பார்க்கிறோம் என்று இறங்கினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வேன் கிளம்பியது. அவரை அதட்டிய பெரியவர் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கடைசி வரை அலையிலேயே நின்றார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஊரில் எல்லோருக்குமே உடம்பு அலுத்துத்தான் கிடந்தது, காரணம்தான் கிடைக்கவில்லை. முட்டத்துக்குச் சும்மா போகிறேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். ஜான்ரோஸைப் பார்க்கப் போகிறேன் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஏழு பேர் வந்தார்கள். புதன்கிழமை பிள்ளைகுட்டிகளோடு ஒன்பது பேர். வந்தவர்களெல்லாம் ஆரஞ்சு கொடுத்து, ஒரு வார்த்தை சுகம் விசாரித்து, கடலுக்குப் போய்விட்டு, மத்தியானம் பசியோடு திரும்பி வந்தார்கள். ஜான்ரோஸுக்கு இது நன்றாகவே இருந்தது. அவர்களோடு உட்கார்ந்து பேசினார், சிரித்தார். ஒரு பெரிய வேலையும் அவர் செய்யவில்லை, டாக்டர் சொன்னபடி.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் வந்தவர்கள் போன பிறகு அவர் கூப்பிட்டார்.

"ஏட்டி கனி, வா, கடல் வரைக்கும் போவோம். நீ வந்ததுல இருந்து கால நனைக்கல்லியே."

"பாத்திரம் கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க." அவள் கழுவிய பாத்திரங்களைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினாள். பாதியில் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"கால்முட்டு வலி."

சரி என்று அவர் நடக்கப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து டாக்டர் அஜிஷா அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று முப்பத்தாறு, எண்பத்து நாலு. மறுபடியும் பார்த்தார். அதேதான்.

"நல்லா கொறஞ்சிருக்கு. மாத்திரைய விடாதீங்க, நடையையும் விடாதீங்க. தளிர் முத்தின பொறவு பைய வெட்டத் தொடங்கலாம்."

ஜான்ரோஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. மரங்கள் அவருடையவை. தேவகனி கைப்பைக்குள் கையை விட்டு, பனியன் சுற்றிய கத்தியை எடுத்து, சொன்ன சொல் தவறாமல் அவர் மடியில் வைத்தாள்.

டாக்டர் சிரித்தார். "நீங்களும் நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா அம்மா?"

"எனக்கென்ன டாக்டரே," என்றாள் தேவகனி. "நான் எப்பவும் சும்மா இருக்கியவதானே."

அந்தப் பேச்சு ஜான்ரோஸின் காதில் விழுந்த இடத்தில் நின்றுவிட்டது. பதினாலு பேர். ஏழு பேர். ஒன்பது பேர். மடித்து வைத்த சட்டைகள். வெட்டின பாலைச் சுமந்து இறங்குவது யார்? ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் ஷீட் அடித்து, புகை போடுவது யார்? மூன்று மணிக்கு அவர் விழித்தால் சாயா கையில் வருகிறதே, அவள் எத்தனை மணிக்கு விழித்தாள்? படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. கிறிஸ்மஸுக்கு முன் அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது போலவே நின்றாள். அவள் அதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தாள். அவர் பக்கத்தில் நின்றும் முட்டு வலி என்று நம்பினார்.

"டாக்டரே, இவளுக்கும் ஒண்ணு பாருங்க."

"எனக்கெதுக்கு? பஸ்ஸு போயிரும்."

"பாருங்க டாக்டரே."

டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றினார். அளந்தார். மற்றக் கையில் சுற்றி மறுபடியும் அளந்தார்.

"நூத்தெழுபத்தெட்டு," என்றார் டாக்டர். "நூத்தெட்டு. இதுக்கு முன்ன எப்ப பாத்தீங்க?"

தேவகனி யோசித்தாள். "ஸ்மைலின் எனக்க வயித்துல இருக்கும்ப பாத்தாங்க."

ஸ்மைலினுக்கு இருபத்தாறு வயது. ஜான்ரோஸுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மடியில் இருந்த கத்தியை எடுத்து, திரும்பவும் அவள் பைக்குள் வைத்தார்.

"இது அங்கேயே கெடக்கட்டும்."

"மரம்?"

"அதுக்கு இன்னும் லீவு உண்டு. உனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்."

மறுநாள் அதே பஸ் ஸ்டாப், அதே பாய், அதே பிளாஸ்க். இந்தத் தடவை எல்லாம் ஜான்ரோஸின் கையில் இருந்தன. தாணம்மாள் பாலோடு வந்தாள்.

"இன்னும் செரியாவல்லியா அண்ணே?"

"எனக்குச் செரியாச்சு. இப்பம் இவளுக்காக்கும்."

தாணம்மாள் சிரித்துவிட்டாள். "மைனிக்கா? மைனிக்கு என்ன கேடு?"

"இதத்தான் நானும் இருவத்தெட்டு வருசமாச் சொல்லிட்டு இருந்தேன்," என்றார் ஜான்ரோஸ்.

முட்டத்தில் முதல் மூன்று நாள் தேவகனியை உட்காரவைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. துடைப்பத்தைப் பிடுங்கி ததேயுஸிடம் கொடுத்தார். கஞ்சியை அவரே வைத்தார், அடிப்பிடித்தது. அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். சாயங்காலம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மணலில் நடந்தார். முதல் அலை காலில் பட்டதும் அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். இரண்டாம் அலைக்கு ஓடவில்லை.

நாலாம் நாள் காலை ஜான்ரோஸ் சாயா போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது, அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஜன்னல் வழியாகப் பாய் வரை வந்திருந்தது. ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் அவள் உறங்கி அவர் பார்த்ததே இல்லை. எப்படி உறங்குவாள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. சாயா ஆறும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் வெறுங்காலோடு படி இறங்கி ஓடினார். ஆரஞ்சுப் பைகளோடு இறங்கியவர்கள் துக்க முகத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜான்ரோஸ் இரண்டு கையையும் விரித்துப் படி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் கடலப் பாத்துட்டு வாங்க. சாயா நான் போடுதேன், மரச்சீனியும் நானே அவிக்கேன். சத்தம் மட்டும் போடாதிய," என்றார் மெல்ல. "அவ ஒறங்குகா."